தூரத்துக் கோபம் காதுக்குக் குளிர்ச்சி

1992-இல் எங்கள் அயனாவரம் வீட்டுக்குப் புரட்சி கேசட்டில் வந்து இறங்கியது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த நண்பர் சித்தப்பாவுக்குக் கொடுத்தது: என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்'. அட்டையின் மூலையில், பிள்ளைகள் காதில் விழக்கூடாத சொற்கள் உண்டு என்று பெற்றோரை எச்சரிக்கும் கறுப்பு வெள்ளை முத்திரை. எங்களுக்கு அதுதான் ஐ.எஸ்.ஐ. முத்திரை.

சித்தப்பா வங்கி ஊழியர் சங்கத்துக்காரர். பாட்டை நிறுத்தி நிறுத்திப் பொழிப்புரை சொல்வார். காம்ப்டனில் கறுப்பினப் பையன்களை போலீஸ் மறித்து உதைப்பது அன்றாடமாம், 1988-இல் அதைத்தான் பாடினார்களாம், மறுவருடமே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினாராம். 1991-இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் நடுரோட்டில் போட்டு அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். அடித்த போலீஸ்காரர்கள் அடுத்த ஏப்ரலில் விடுதலையானதும் ஊரே பற்றி எரிந்தது; 60 பேருக்கு மேல் செத்தார்கள். "அரசியல் இல்லேன்னா அது பாட்டே இல்லடா" என்று சித்தப்பா முடிக்கும்போது எங்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

அம்மா அதே கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். சரமாரியாக வந்து விழும் கெட்டவார்த்தை ஒன்றுகூடப் புரியாதது எல்லோருக்குமே சௌகரியம்.

"ஏன் தம்பி, இந்தப் பசங்க எதுக்கு இவ்ளோ கோவப்படுறாங்க?"

"போலீஸ் அடிக்கிறான் அண்ணி."

"அப்ப கோவப்படட்டும்" என்று சொல்லிவிட்டுக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். சித்தப்பாவின் உரைகளைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது சித்தப்பா ஓய்வூதியக்காரர், குடும்ப வாட்ஸப் குழுவின் அட்மின். 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த கச்சேரி. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, சாதி எல்லாவற்றையும் பாடினார்கள். பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. காம்ப்டன் கடல் தாண்டி. கீழ்ப்பாக்கம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். பாட்டொன்றின் வீடியோவைக் குழுவில் போட்டேன். சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது: "மியூசிக் பிரமாதம். ஆனா இப்பல்லாம் யாருப்பா ஜாதி பாக்குறா? பாட்டுல எதுக்கு அரசியல்?" கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். 'உட்பிரிவு தடையில்லை' என்று விளம்பரத்தில் போட்டது அவரைப் பொறுத்தவரை பெரிய முற்போக்கு. சித்திக்கு அதிலும் மனத்தாங்கல்தான்.

கல்யாணம் 2022-இல் நடந்தது. வரவேற்பில் மணமக்களும் தோழிகளும் 'எஞ்சாயி எஞ்சாமி'க்கு ஆடினார்கள். ஒரு மாதம் ஒத்திகை, அதற்கொரு நடன மாஸ்டர். பட்டு வேட்டியோடு சித்தப்பாவும் இறங்கி நாலு ஸ்டெப் போட்டார். வீடியோ நன்றாக வந்திருக்கிறது. இந்த முறை பாட்டில் என்ன அரசியல் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

ராப் பாடகர் அறிவு அந்தப் பாட்டைத் தன் பாட்டி வள்ளியம்மாளை மனதில் வைத்து எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சொந்தமாகப் பிடி மண்கூட இல்லாமல் திரும்பிய குடும்பம் அது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. போகச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.