ஒண்ணு நமக்கும் இருக்கட்டும்

தருமபுரி மாவட்டத்தில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் இவரைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இவரல்ல. அந்தப் பையனின் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அனுப்பிட்டியாப்பா? ஒண்ணு நமக்கும் போட்டியா?” என்று கேட்பவர். பெற்றவர்கள் வைத்த பேர் எதுவோ, ஆபீஸ் வைத்த பேர் பி.சி.சி. அண்ணன்.

அண்ணன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கார்பன் தாளுக்கு ரால்ப் வெட்ஜ்வுட் என்ற இங்கிலாந்துக்காரர் 1806இல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு இந்தப் பூமியில் மிச்சமிருக்கும் கடைசிச் சீடர் இவர்தான். கலெக்டர் ஆபீஸ் கடிதம் வந்தால் மற்றவர்கள் ‘பொருள்’ என்ற இடத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் நேராக அடிக்குப் போய், ‘நகல்: இருப்புக் கோப்பு, உதிரிக் கோப்பு’ என்று இறங்குவதைப் படித்துவிட்டு, “இதான்யா கடுதாசி” என்பார்.

நான் சொல்லும் அண்ணன் இருப்பது காரிமங்கலம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில். சீசனில் கிளிமூக்கு மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டும். உள்ளே ஆபீசில் ஐந்து பேர், மெயில் ஐடி ஒன்றே ஒன்று. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். யார் அனுப்பினாலும் கம்பெனி பேரில்தான் போகும். இந்த ஏற்பாடு அண்ணனின் தூக்கத்தைக் கெடுத்தது.

போகிற மெயில் எல்லாம் தனக்கும் தானாக வந்து சேர வழி தேடினார். அவுட்லுக்கில் விதி எழுதி சி.சி. போடலாம், மற்றவர்களுக்குத் தெரியாத நகலான பி.சி.சி. போட முடியாது. சி.சி. என்றால் வாங்குகிற பார்ட்டிக்கும் தெரிந்துவிடுமே! சாதாரண ஜிமெயிலோ வருகிற மெயிலைத்தான் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும், போகிறதை அல்ல. கடைசியில் தண்டர்பேர்டு கை கொடுத்தது. கணக்கு அமைப்பில் ஒரு டிக், பக்கத்தில் அண்ணன் முகவரி, அவ்வளவுதான். எழுதுகிறவர் கண்ணில் அந்த முகவரி படுமே என்றான் பையன். “படட்டும், அதுக்குத்தானே!” என்றார்.

வேவு பார்க்கிறார் என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேவு பார்ப்பவனுக்கு ரகசியம் வேண்டும். அண்ணனுக்கு 215 கிலோ டிரம் எத்தனை ஏறியது என்ற மெயிலே போதும். மகளை பஸ் ஏற்றிவிட்டு வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளும் அப்பாவின் மனசு அது. கணக்கர் ஒருநாள் அவசரத்துக்கு ஆபீஸ் மெயிலிலேயே பெண்ணின் ஜாதகத்தை பாலக்கோட்டு தரகருக்கு அனுப்பிவிட்டார். நகல் வந்த அஞ்சாவது நிமிஷம் அண்ணன் எழுந்து வந்தார். கணக்கருக்கு வேர்த்துவிட்டது. “நட்சத்திரம் போட்டிருக்கே, பாதம் போடலையேப்பா. திருத்தி அனுப்பு, ஒண்ணு நமக்கும் வரட்டும்.”

ஜிமெயில் இலவசமாகக் கொடுக்கும் இடம் 15 ஜிபி. போட்டோவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அண்ணனுக்கு ஒருநாள் அது நிறைந்துவிட்டது. அதற்குப்பிறகு ஆபீசிலிருந்து ஒரு மெயில் போனால், ‘அண்ணன் பெட்டியில் இடமில்லை’ என்று ஒரு மெயில் திரும்பி வந்தது. எதையாவது அழித்தாக வேண்டும். தீர்த்தமலையில் பேரனுக்கு மொட்டை போட்ட படங்களை அண்ணன் ஒவ்வொன்றாக அழித்தார். 2019ஆம் வருஷத்து டிரம் விலைப்பட்டியல் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு பாடும் ஒருநாள் பலிக்கத்தான் செய்தது. ஒரு பார்ட்டிக்குத் தப்பான விலை போய்விட, முதலாளி கொதித்துக்கொண்டு வந்தார். “யாருய்யா அனுப்பினது?” அண்ணன் பாக்ஸ் ஃபைலைத் திறந்து பிரிண்ட் எடுத்து வைத்த நகலை நீட்டினார். தேதி இருந்தது, சாயங்காலம் 4.12 என்று நேரம் இருந்தது, விலையில் புள்ளி இடம் மாறியதுகூட அப்படியே இருந்தது.

“சரி, அனுப்பினது யாரு?”

“அது இதுல வராதுங்க முதலாளி. அஞ்சு பேருக்கும் ஒரே ஐடி. ஆனா அனுப்பினது நிஜம்.”

மெயிலின் அடியில் அனுப்புகிறவர் தன் பேரின் முதலெழுத்தைப் போட வேண்டும் என்று அன்றே உத்தரவு போட்டார் அண்ணன். மறுநாளிலிருந்து ஐந்து பேரும் தவறாமல் போட்டார்கள், அண்ணன் பேரின் முதலெழுத்தை. சாயங்காலம் நகல்களைப் புரட்டியவருக்கு, ஒரே நாளில் இத்தனை வேலை பார்த்திருக்கிறோமா என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்ததாம்.