பொன்விழாவில் பழைய சிரிப்பு நடிகர் பேசுவது எப்படி?

வானொலி நாடகத்திலிருந்து பிறந்த இலங்கைத் தமிழ்ப் படம் 'கோமாளிகள்' வந்தது 1976 இல். ஐம்பதைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கண்டிப் பக்கத்து மலையூரான தெல்தோட்டையில் இருந்தால் போதும், விழாக் குழு அமைந்துவிடும். குழு அமைந்த மறுநாள் உங்களுக்கு அழைப்பு வரும். ஆகவே இப்போதே தயாராகுங்கள்.

முதலில் உங்கள் தகுதி. இலங்கை வானொலியின் ஏதோவொரு நகைச்சுவை நாடகத்தில் தபால்காரனாக வந்து, "ஐயா, தந்தி!" என்று ஒரு வசனம் பேசியிருக்கிறீர்களா? தாராளம். பெரிய நடிகர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் கடல் கடந்து போய்விட்டார்கள். மலைக்கு ஏறி வரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அழைப்பிதழில் உங்கள் பெயருக்கு முன்னால் 'கலாபூஷணம்' என்று போட்டிருந்தால் மறுக்க வேண்டாம். அது அரசாங்கம் கொடுக்கும் பட்டம்தான், ஆனால் அச்சகத்தில் அந்த எழுத்துகள் ஏற்கெனவே கோத்துத் தயாராக இருக்கும்.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக பஸ் ஏறி வாருங்கள். குழு வாகனம் அனுப்புவதாகச் சொல்லும். அது சம்பிரதாயம், அதற்காகக் காத்திருந்தால் நூற்றாண்டு விழாவுக்குத்தான் வந்து சேருவீர்கள். மண்டபத்தை அடைந்ததும் சிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் எந்த விழாவாக இருந்தாலும் முதல் பேச்சாளர் 1867 இல்தான் தொடங்குவார். பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை அது. அடுத்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரைக் கொண்டுவந்து ஊரின் தமிழ்ப் பெருமையை நிலைநாட்டுவார். நகைச்சுவைக்கு நேரம் வரும்போது ரோல்ஸ் ஆறியிருக்கும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். உங்கள் நேரம் அதுதான்.

மைக்கைப் பிடித்ததும், "அந்தக் காலத்தில் நாடகம் தொடங்கினால் தெருவில் ஈ காக்கை இருக்காது" என்று ஆரம்பியுங்கள். உலகம் முழுக்க எல்லா வானொலி நடிகர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை எந்த ஈயும் மறுத்ததில்லை. அடுத்து சம்பளம். அன்றைக்குக் கிடைத்த தொகையைப் பாதியாக்கிச் சொல்லுங்கள், பஸ் கட்டணத்துக்கே போதவில்லை என்று சேருங்கள். கைதட்டல் வரும். பிறகு, நாடகத்தின் யோசனை முதலில் யாருக்கு உதித்தது என்ற கதை. கன்டீனில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்களுக்குத்தான் உதித்தது. ஆனால் நீங்கள் பெருந்தன்மையால் வாய் திறக்கவில்லை.

இதுவரைக்கும் இலகு. இனிமேல்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் யாராவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுந்து, "அங்கிள், அதில் என்ன சிரிப்பு?" என்று கேட்டுவிடும்.

கேட்டால் பெயர்களைச் சொல்லுங்கள். எஸ். ராம்தாஸ் என்ற தமிழர் முஸ்லிம் தமிழ் பேசி மரிக்காராக வந்தார். கடைசிவரை ஊர் அவரை 'மரிக்கார் ராம்தாஸ்' என்றுதான் அழைத்தது. செல்வசேகரன் சிங்கள வாடையடிக்கும் தமிழில் உபாலியானார். ராஜகோபால் யாழ்ப்பாணப் பேச்சில் அப்புக்குட்டி. பி.எச். அப்துல் ஹமீத், பின்னாளில் 'பாட்டுக்குப் பாட்டு' என்றாலே நினைவுக்கு வரும் அதே ஹமீத், ஐயராகப் பேசினார். தமிழர் மரிக்கார், முஸ்லிம் ஐயர், செல்வசேகரன் உபாலி. வானொலியில் தொடராக வந்து பிடித்துப்போனதால்தான் அதே கூட்டம் படத்துக்குப் போனது. சில்லையூர் செல்வராஜனும் கமலினியும் காதல் பாகத்தைப் பார்த்துக்கொள்ள, இவர்கள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டார்கள். 1978 இல் 'ஏமாளிகள்' என்ற அடுத்த படமும் வந்தது.

சிரிப்பு எங்கே இருந்தது என்றால், ஒருவர் தமிழ் இன்னொருவர் காதில் போய் வேறொன்றாக விழுவதில். அதை விளங்கப்படுத்த நீங்கள் பாடுபட வேண்டாம், மண்டபத்துக்கு வெளியே கூட்டிப் போங்கள். தெல்தோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு மூட்டை கோவாவை பஸ்ஸில் ஏற்ற எத்தனை தமிழ் தேவைப்படுகிறது என்று பாருங்கள். கடைக்கார நாநா ஒன்று சொல்வார், தோட்டத்திலிருந்து வந்த அண்ணன் ஒன்று சொல்வார், கொண்டக்டர் மாத்தயா சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், எப்போதோ மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து மாஸ்டர் நடுவில் நின்று இலக்கணம் சரி பார்ப்பார். மூட்டை மட்டும் இன்னும் கீழேதான் இருக்கும். அந்த நாடகத்துக்கு இவ்வளவுதான் சரக்கு. எழுதி வைத்தால் ஒன்றுமில்லை, காதால் கேட்டால் வயிறு நோகும்.

இந்த இடத்தில் அந்தப் பிள்ளை, அதுவும் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், இரண்டாவது கேள்வி கேட்கும்: "அந்த நாலு பேரில் எங்க பேச்சு யாரு பேசுனாங்க?" இந்தக் கேள்விக்குக் கையேட்டில் உள்ள பதில்: தண்ணீர் குடியுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், தலைவரைப் பாருங்கள்.

உண்மையான பதில் விழாவைக் கெடுத்துவிடும். முன்வரிசை நான்கு நாற்காலியில் மலையகத்துக்கு ஒன்று போடவில்லை. படம் ஓடிய காலத்தில் அந்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டிருந்தது. ரயிலில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். தெல்தோட்டையைச் சுற்றிய லயங்களிலும் போனவர்களின் காம்பறாக்கள் பூட்டப்பட்டன. திரையிலும் மேடையிலும் தோட்டத்தார் இல்லவேயில்லை என்றும் சொல்ல முடியாது. 1975 இல் வி.பி. கணேசனின் 'புதிய காற்று' தோட்ட வாழ்க்கையைத்தான் படமாக்கியது. காமன் கூத்தில் கோமாளி வேடம் கட்டத் தெரியாத தோட்டமும் இல்லை. ஆனாலும் கண்ணீருக்கு அழைத்த அளவுக்குச் சிரிப்புக்கு யாரும் அவர்களை அழைக்கவில்லை. இதை நீங்கள் மேடையில் சொல்லலாம். சொன்னால் நன்றியுரை சீக்கிரம் வரும், பொன்னாடை வராது.

பொன்னாடை வேண்டுமென்றால் அஞ்சலிப் பகுதிக்குத் தாவுங்கள். இறந்துபோன நண்பர்களைப் பற்றிப் பேசும்போது குரலை இறக்குங்கள், அவர்களின் கடன் கணக்கை மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளைக்காரனைப் பார்த்துக் கெட்டுப்போகவும் வேண்டாம். பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மொன்டி பைத்தனில் ஒருவரான கிரஹம் சாப்மன் 1989 இல் காலமானார். 1998 இல் அமெரிக்காவில் ஒரு விழா மேடைக்கு மற்றவர்கள் அவர் சாம்பல் என்று ஒரு கலசத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேச்சின் நடுவில் ஒருவர் கால் பட்டு அது கவிழ, சாம்பலை வாரி, உறிஞ்சி இழுத்து, விரிப்புக்குக் கீழே தள்ளி மண்டபத்தை உருள வைத்தார்கள். எல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்த கூத்து. நண்பனுக்கு அதைவிட மரியாதையான அஞ்சலி கிடையாது என்பது என் அபிப்பிராயம். தெல்தோட்டையில் செய்தால் நீங்கள் பொலிஸ் நிலையத்தில்தான் தேத்தண்ணீர் குடிப்பீர்கள்.

அமெரிக்காவிலேயே 'சற்றர்டே நைற் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி 1975 ஒக்டோபரில் தொடங்கி, 2025 பெப்ரவரியில் ஐம்பதாம் ஆண்டை மூன்று மணி நேரத்துக்கு மேல் கொண்டாடியது. அவர்கள் செய்த ஒரு காரியத்தைத் தாராளமாகக் களவெடுக்கலாம். பழைய ஆட்களை மேடையேற்றி நினைவுகளை மட்டும் அசைபோட விடவில்லை, புதிதாக நடிக்கவும் வைத்தார்கள். நீங்களும் உங்கள் இருபது நிமிடத்தில் ஐந்தை அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கொடுங்கள். உபாலி வேண்டாம், மரிக்கார் வேண்டாம். கங்காணி, கிளாக்கர் ஐயா, கொழுந்து நிறுக்கிற தராசு, இந்த மூன்றையும் வைத்து அதன் பேச்சிலேயே ஏதாவது செய்யச் சொல்லுங்கள். நன்றாக வரலாம், வராமலும் போகலாம். உங்கள் "ஐயா, தந்தி!" யைவிட மோசமாக இருக்காது.

யாராவது, "அந்தக் குரலில் ஒருதரம் பேசிக் காட்டுங்கோ" என்று கேட்டால், கே.எஸ். பாலச்சந்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டரை ஒரே ஆளாக நின்று நடித்த 'அண்ணை றைற்' அவரை விட்டுப் போகவேயில்லை, கனடாவுக்கும் கூடவே போனது. எழுபது வயதிலும் இருபது வயதுத் தபால்காரன் குரல் உங்களுக்கு வருமென்றால் பேசுங்கள். வராவிட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லுங்கள். மலைக் குளிர் மேல் பழியைப் போடலாம், அது வழக்குப் போடாது.

கடைசியாக, இது கையேட்டின் பகிடி இல்லை. உங்கள் அலுமாரியிலோ சம்பந்தி வீட்டுப் பரணிலோ, வானொலிக்குப் பக்கத்தில் றெக்கோர்டரை வைத்துப் பதிந்த பழைய நாடகக் கசெட் ஒன்று கிடந்தால், அதை விழாவுக்குக் கொண்டுபோய்ப் பழைய இயந்திரத்தில் போட்டு நாடாவைச் சிக்க வைக்காதீர்கள். முதலில் பிரதி எடுங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிச் சேர்க்கும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறது, அவர்களுக்கு ஒன்று அனுப்புங்கள். கசெட்டின் உறையில் நிகழ்ச்சியின் பெயர், ஒலிபரப்பான ஆண்டு, பேசியவர்கள் யார் யார் என்று தெரிந்ததை எழுதிவிடுங்கள். உங்கள் பெயரையும் எழுதலாம், தபால்காரன் என்று.