பிழைத்தல் இலக்கணம்: பால்மரக் காடும் கணினிக் காடும்

பிழைத்தல் என்னும் வினைக்குத் தமிழில் மூன்று பொருள் உண்டு: சாவிலிருந்து தப்புதல், வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடிக்கொள்ளுதல், தவறு செய்தல். அகராதிக்காரர்கள் இவற்றுக்குத் தனித்தனி எண் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே இரவில் நிகழ்வதைக் காண விரும்புவோர், மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ, பெயர் மாறிய பின்னும் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைத்துவரும் பெஸ்தாரி ஜெயாவிலோ, நள்ளிரவைத் தாண்டியும் நீல வெளிச்சம் அணையாத ஏதேனும் ஒரு சன்னலை நோக்கினால் போதும். பிழைக்க வந்தவர்களின் பேரன் அங்கே கணினிக்கு முன் அமர்ந்து காட்டில் பிழைத்துக்கொண்டிருப்பான், பெரும்பாலும் பிழையாக.

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் வனப்பிழைப்பு விளையாட்டு. ஆடுபவரை வெறுங்கையோடு காட்டிலோ பனிவெளியிலோ ஆளில்லாத தீவிலோ இறக்கிவிட்டு, பசி, தாகம், களைப்பு, நோய் ஆகியவற்றை அளவுகோடுகளாக நிறுத்தி, அவற்றில் எதுவும் வற்றிவிடாமல் காக்கச் சொல்லும் கணினி விளையாட்டுகளுக்கு இப்பெயர் இங்கே வழங்கப்படுகிறது. 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்ட் இத்துறையில் பிள்ளைகளின் அரிச்சுவடி. அதில் மரத்தை வெறுங்கையால் குத்தினால் கட்டை கிடைக்கும். அடிமரம் போனபின்னும் மேல்மரம் அந்தரத்தில் நிற்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது உளி சற்று ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டாலே கங்காணியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட தலைமுறை இதைப் பார்த்து என்ன சொல்லும் என்பதை அச்சில் ஏற்ற இயலாது. 2013இல் வந்த டோன்ட் ஸ்டார்வ், இருட்டில் விளக்கின்றி நின்றால் சாவு என்று விதிக்கிறது. தோட்டத்து மின் எஞ்சின் நின்றதும், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகள் முழுவதும் இருண்டுபோகும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இவ்விதி நகைப்பைத் தரும். இதே மாவட்டத்துக் கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னுவதைக் காண, மக்கள் காசு கொடுத்து, துடுப்புப் படகில் ஏறி, இருட்டுக்குள் போய்வருகிறார்கள். 2017இல் முழுமை பெற்ற தி லாங் டார்க் கனடாவின் உறைபனியில் நடப்பது. காற்றாடியை மூன்றாம் எண்ணில் வைத்துக்கொண்டு, அரைக்கால் சட்டையுடன், விரல் விறைத்துச் சாகும் ஒருவனுக்காகக் கவலைப்படுவது கற்பனையாற்றலுக்கு நல்ல பயிற்சி என்பதற்கு மேல் அதைப் பற்றி இங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மூலநூலாகக் கொள்ளத்தக்கது கிரீன் ஹெல், அதாவது பச்சை நரகம். போலந்து நாட்டின் வார்சாவிலுள்ள கிரீப்பி ஜார் நிறுவனம் 2019இல் இதை முழுமையாக வெளியிட்டது. மானிடவியலாளன் ஒருவன் அமேசான் காட்டில் தன் மனைவியைத் தேடி அலைவதே கதை. இதனைத் தெரிவு செய்ததற்குக் காரணம் தாவரவியல் சார்ந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை அமேசான் கரையிலிருந்து கப்பலேற்றி இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த சிலவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் முன்னே வந்தது, மரத்துக்குப் பின்னே தமிழர்கள் வந்தார்கள். அந்தத் தமிழர்களின் பேரன் இன்று கணினி வழியாக அமேசானுக்குப் போகிறான் என்றால், அது பால்மரத்தின் தாய்வீட்டுக்குச் செய்யும் பயணம். சீர்வரிசை ஏதும் கொண்டுபோகவில்லை என்பது மட்டுமே குறை.

தமிழ் இலக்கண மரபு நிலத்தைத் திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அங்கு வாழும் தெய்வமும் உணவும் விலங்கும் தொழிலுமாகிய கருப்பொருள், அங்கு நிகழும் மன ஒழுக்கமாகிய உரிப்பொருள் என மூன்றைக் கூறும். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை. இவ்வறட்சி எதுவும் இல்லாமல், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நிலத்தில், காட்டை வெட்டி வரிசையாக மரம் நட்டு உண்டாக்கப்பட்ட திணைக்கு இலக்கணத்தில் இடம் இல்லாததால், அதனைப் ‘பால்’ என்றே இக்கட்டுரை பெயரிடுகிறது. பால் திணையின் தெய்வம் முனியாண்டியும் மாரியம்மனும், தொழில் வெட்டு, கருவி உளியும் பால் பிடிக்கும் மங்கும் வாளியும், உணவு வரக்கோப்பியும் ரொட்டியும், விலங்கு அட்டை, கொசு, நாகம் முதலியன. உரிப்பொருள், ஐயத்துக்கு இடமின்றி, பிழைத்தல்.

பொழுதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பால்மரத்தின் பட்டைக்குள் இருக்கும் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்னும் விடிந்த சில நாழிகைகளுக்குள்ளும்தான். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்வதால் பால் ஒழுகுவது தளர்ந்துவிடும். ஆகவே பெரட்டு, அதாவது தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் சடங்கு, இருட்டிலேயே நடந்து முடிந்தது. அதற்கு முன் சமைத்து, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுப் புறப்பட வேண்டுமென்றால் பெண்கள் எழ வேண்டிய நேரம் நான்கு மணி. உளியைக் கீழே வைத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்த உடம்புகள் நான்கு மணியை மறக்கவில்லை. இதனால் இன்று ஒரே வீட்டில் இரண்டு பெரட்டுகள் சந்தித்துக்கொள்கின்றன: பேரன் அமேசானில் படுக்க ஓலைக் குடிசை கட்டிக்கொண்டிருக்கையில், பாட்டி வரக்கோப்பி போட எழுந்து வருகிறார். திரையில் தாடி வளர்ந்த ஒருவன் இலையில் படுத்திருப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “யாருய்யா அவன், வீடு வாசல் இல்லாம?” இக்கேள்விக்கு விளையாட்டின் கையேட்டில் விடை இல்லை.

கிரீன் ஹெல்லின் புகழ்பெற்ற புதுமை உடற்சோதனை என்பது. ஆடுபவர் ஒரு விசையை அழுத்தினால் தன் கையும் காலும் திரைக்கு முன் வந்து நிற்கும். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கும் அட்டையைப் பிடுங்கி எறிய வேண்டும். பிடுங்காவிட்டால் மனநிலை குன்றும். விமர்சகர்கள் வியந்த இந்த நுட்பம் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மாலைதோறும் நடந்துவந்ததே. லயத்தின் பின்புறம் குழாயடியில் பிள்ளையை நிறுத்தி, தாய் ஒரு கையால் கணுக்காலைத் தூக்கி, மறுகையால் பேட்டரி விளக்கை அடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்ப்பாள். கருநாவல் நிறத்தில் உருண்டு தொங்கும் அட்டையின் மேல் உப்போ, புகையிலைச் சாறோ, வெற்றிலைப் பெட்டியிலிருந்து விரல் நுனியில் எடுத்த சுண்ணாம்போ படும்; அட்டை சுருண்டு சிமென்டுத் தரையில் விழும்; இரத்தம் மட்டும் நிற்காமல் மெல்லிய கோடாக ஓடி வாய்க்காலில் சேரும். பிள்ளையின் மனநிலை குன்றியதா என்று யாரும் அளந்ததில்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பியதோடு சிகிச்சை முடிந்தது.

விளையாட்டில் வரும் கதைமாந்தனின் கைக்கடிகாரம் மாவு, கொழுப்பு, புரதம், நீர் என நான்கு அளவுகளைக் காட்டுகிறது. ஒன்று குறைந்தால் அதற்கேற்ற புழுவையோ பழத்தையோ தேடித் தின்ன வேண்டும். ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை முப்பொழுதும் தின்று பிழைத்த தலைமுறைக்கு இந்தக் கடிகாரம் எதைக் காட்டியிருக்கும் என்று கணக்கிடுவது எளிது: கொழுப்பும் புரதமும் சிவப்பு, மாவு பச்சை. அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் கண்ட காட்டை இக்கட்டுரை விளையாட்டின் பக்கத்தில் வைத்துப் பேசாது. இங்கே கவனிக்கத்தக்கது வேறு ஒன்று: திரையில் ஒருவன் கொழுத்த புழுவைத் தின்று கொழுப்பின் அளவை ஏற்றும்போது, விசைப்பலகைக்கு அருகில் பாட்டி மூடிவைத்துப் போன சோற்றுத் தட்டு, மீன் குழம்பின் மேல் ஆடை படிய, ஆறிக்கொண்டிருக்கிறது.

மருத்துவப் பகுதியில் ஓர் ஐயம் எழுகிறது. காயத்துக்குக் கட்டும் இலையாக விளையாட்டு காட்டுவது மொலினேரியா. அமேசான் காட்டில் அது கால்மிதிக்கும் இடமெல்லாம் கிடைக்கிறது. ஆனால் மொலினேரியாவின் தாயகம் ஆசியாவின் வெப்பமண்டலம். அதன் நெருங்கிய இனம் லெம்பா என்ற பெயரில் மலாய்க் காடுகளில் நிழலில் வளர்வது, அதன் பழத்தைத் தின்றபின் குடிக்கும் தண்ணீரும் இனிக்கும். ஆக, விக்கம் அங்கிருந்து எடுத்த ரப்பர் இங்கே வந்ததற்குப் பதிலாக, வார்சாக்காரர்கள் இங்கிருந்து லெம்பாவை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். 143 ஆண்டு தாமதமாகக் கிடைத்த இந்தப் பண்டமாற்றைச் சிலாங்கூர் மக்கள் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொள்ளலாம். பாம்புக்கடிக்குப் புகையிலைக் கட்டுப் போடும் விளையாட்டின் முறையை மட்டும் யாரும் வீட்டில் பின்பற்ற வேண்டாம். கோல சிலாங்கூரிலிருந்து மருத்துவமனை அப்படி ஒன்றும் தொலைவில் இல்லை.

மனநிலை குன்றினால் கதைமாந்தனின் காதில் குரல்கள் கேட்கும்; அவை அவனைத் திட்டும், பழித்துப் பேசும். பத்து வீடுகளுக்கு ஒரே கூரையும் இடையில் பலகைச் சுவரும் கொண்ட லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது நோயின் அறிகுறியாகத் தோன்ற வாய்ப்பில்லை. குரல் கேட்காமல் போனால்தான் அடுத்த வீட்டில் என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இத்தனை ஒற்றுமைகளையும் எடுத்துக்காட்டிய பின், மூலநூலின் பெருங்குறையைச் சொல்லாமல் விடுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. கிரீன் ஹெல்லில் கிராணி இல்லை. கிராணி என்பவர் தோட்டத்து அலுவலக எழுத்தர். வெட்டிச் சேர்த்த பாலை நிறுத்து, அதில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று அளவுகருவியை விட்டுப் பார்த்து, பெயருக்கு நேரே எண்ணை எழுதுபவர். விடியலிலிருந்து வாளி தூக்கி நடந்தவரின் ஒருநாள் உழைப்பு அந்தப் பேனாவின் முனையில் கூடும், குறையும். மழை பெய்து மங்கு நிறைந்தாலும் அதே பேனாதான். கணினிக் காட்டில் ஒருவன் பத்துத் தேங்காய் எடுத்தால் பத்தும் அவனுக்கே. யாரும் நிறுப்பதில்லை, கழிப்பதில்லை, நாளைக்கு வேறு மர நிரைக்கு மாற்றுவதில்லை. அட்டையும் கொசுவும் மட்டுமே பகை என்று கருதும் காடு எளிய காடு. தோட்டத்து மக்கள் அட்டையைப் பற்றி இன்று சிரித்துக்கொண்டே பேசுவதும், நிறுவையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதும் இவ்வேறுபாட்டுக்குச் சான்று.

பெயர்களிலும் ஒரு பாடம் இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே நட்டது. அதன் பெயர் தென்னமரம். செம்பனை நட்ட தோட்டத்துக்குத் தமிழில் தென்னைமரத்தின் பெயர் என்றால், காட்டில் எந்தப் பழம் எதுவென்று தெரியாமல் வாயில் போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் விளையாட்டுக்காரனை அதிகம் குறைசொல்ல முடியாது. ஃபோகோனியே பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எழுதிய நாவல் எதற்கும் அப்பரிசு கிடைத்ததாகத் தெரியவில்லை.

இறுதியாகச் சேமிப்பு. விளையாட்டில் குடிசை கட்டினால் அங்கே அதுவரை பிழைத்ததைச் சேமித்துவைக்கலாம். செத்தாலும் அந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். தோட்டத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ஒன்றே. மலாயா விடுதலைக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தோட்டத் துண்டாடல் என்று இன்றும் கசப்போடு சொல்லப்படும் அக்காலத்தில், அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமிருந்து மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பச்சை நரகத்தின் கதைமாந்தனுக்கு இலை, கயிறு, கம்பு போதுமாயிருந்தது. இவர்களுக்கு ரசீது தேவைப்பட்டது. அந்த ரசீதுகள் இன்றும் பல வீடுகளில் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

ஆகவே வார்சா நிறுவனத்தாருக்கு இக்கட்டுரை ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது: அடுத்த பதிப்பில் ஒரு நிறுவையையும் ஒரு கிராணியையும் சேர்த்தருள வேண்டும். கிராணிக்குக் குரல் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் பெஸ்தாரி ஜெயாவுக்கு வரலாம். அந்தக் குரலை ஒரு சொல்லும் மாறாமல் நடித்துக் காட்டும் பாட்டிகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். காலை நான்கு மணிக்கு மேல் எப்போது வந்தாலும் விழித்திருப்பார்கள்.