திருப்பிப் போடுதல்: புதுச்சேரி முட்டை அடை பற்றிய ஓர் ஆய்வு

முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றிச் செய்யும் பண்டங்களை நம் சாலையோரக் கடைகள் ஐந்தாக வகுத்திருக்கின்றன: ஆம்லெட், ஒன் சைடு, ஆஃப் பாயில், கலக்கி, பொடிமாஸ். மதுரைப் பக்கத்தார் ஆறாவதாகக் கரண்டி ஆம்லெட்டைச் சேர்ப்பார்கள். இக்கட்டுரை ஏழாவதைப் பற்றியது. 8 முட்டை, கால் கிலோ காய்கறி, 100 கிராம் பேக்கன் மூன்றும் ஒரே சட்டியில் ஓர் அங்குலக் கனத்துக்கு இறுகி, கேக்கு மாதிரி துண்டு போடும் பதத்தில் வருவது. இத்தாலியர் இதை ஃப்ரித்தாத்தா என்கிறார்கள். என் அம்மா முட்டை அடை என்கிறார்.

ஆய்வுக்களம், புதுச்சேரிப் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஓவன் இல்லாத ஒரு சமையலறை. காலம், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். தகவலாளிகள் இருவர். முதலாமவர் அம்மா. இரண்டாமவர் எதிர்வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து இன்றும் பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர். முட்டை, பாரீஸ், பெத்தாங்க் ஆட்டம் ஆகிய மூன்றிலும் இவர் சொல்லுக்கு எங்கள் தெருவில் மறுப்பில்லை.

முதலில் பெயரைத் தீர்த்துவிடுவோம். ஆய்தமும் தனிமெய்யும் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. எனவே ‘ஃப்ரித்தாத்தா’ தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும்போதே குற்றவாளி. ஆனால் இத்தாலியில் அந்தச் சொல்லுக்கு வேர் ‘பொரித்தல்’ என்ற பொருள் தரும் வினை என்பதை அறிந்ததும் என் கை நடுங்கியது. பொரித்ததா, ஃப்ரித்தாத்தா. இரண்டையும் வேகமாக ஐந்து முறை சொல்லிப் பாருங்கள். யாரோ ஓர் இத்தாலியன், எங்கோ ஒரு தமிழ்ச் சமையல்காரியிடம், ஆவி பறக்கும் சட்டியைக் காட்டி “பொரித்ததா?” என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வியே பெயராக நின்றுவிட்டது.

எங்கே கேட்டான் என்பதற்கும் விடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெசோ நகரத்துச் செந்நிறப் பாண்டங்களின் உடைசல்களும், மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்திறங்கிய ஆம்போராச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இத்தாலியத் தட்டு வந்திருக்கிறது. இத்தாலிய எண்ணெய் வந்திருக்கிறது. முட்டை இங்கேயே கிடைக்கும். இம்மூன்றும் ஓரிடத்தில் இருந்தும் ஒருவன் ஆம்லெட் போடவில்லை என்று வாதிடுவோர்தான் சான்று காட்ட வேண்டும், நான் அல்ல.

ரோமர் முட்டைக்கு அந்நியரும் அல்லர். அப்பிசியஸ் பெயரால் வழங்கும் ரோமச் சமையல் நூலில் ஒரு செய்முறை இருக்கிறது. 4 முட்டையைப் பாலோடும் எண்ணெயோடும் அடித்து, மெல்லிய சட்டியில் எண்ணெய் காயவிட்டு ஊற்றி, ஒரு பக்கம் வெந்ததும் தட்டில் கவிழ்த்து, தேன் வார்த்து, மிளகு தூவிப் பரிமாற வேண்டும். அதாவது ரோமப் பேரரசு தின்றது ஒன் சைடு. மேலே தூவிய மிளகு நம் மலைகளில் காய்த்தது. தேன் மட்டும் அவர்கள் புத்தி.

அடுத்து பேக்கன். பன்றியின் வயிற்றுக்கறியை உப்பில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையும் காட்டி, மெல்லிய பட்டைகளாக அரிந்தது. நம் உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. உப்புக்கண்டம் வெயிலில் காய்ந்தது, இது புகையில் வளர்ந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. “இதெல்லாம் நம்ம பழக்கமா?” என்று முதல் தகவலாளி முதல் ஞாயிறே ஆட்சேபித்தார். உடனே பெரும்பாணாற்றுப்படையை எடுத்து வைத்தேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூலில், பாணனுக்கு வழியில் கிடைக்கப்போகும் விருந்து ஒன்று சொல்லப்படுகிறது. ஆண்பன்றியைப் பெண்பன்றிகளோடு சேரவிடாமல் தனிக்குழியில் நிறுத்தி, நெல் இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்கவைத்து, அதன் நிணம் செறிந்த தசையைக் கள்ளோடு கொடுப்பார்களாம். தொண்டை நாடு என்பது நம்மூர்ப் பக்கம். கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காக இருக்க வேண்டும் என்ற பேக்கன் இலக்கணம் முழுதும் அங்கே இருக்கிறது. புகை ஒன்றுதான் குறை. இதையெல்லாம் விளக்கி முடித்தபோது அம்மா சொன்னது: “பாட்டுல இருக்கறது பாட்டுலயே இருக்கட்டும்டா. என் சட்டில வேணாம்.”

ஆய்வுக்கென்று புதிதாக ஓர் இரும்புச் சட்டி வாங்கப்பட்டது.

காய்கறி விஷயத்தில் ஒரு வரலாற்று அநீதியைக் குறிப்பிடாமல் கடக்க முடியாது. குபேர் அங்காடியில், அதாவது எல்லாரும் சொல்லும் பெரிய மார்க்கெட்டில், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: இங்கிலீஷ் காய். 1820-களில் ஜான் சல்லிவன் என்னும் கோவை கலெக்டர் ஊட்டிக்கு ஏறி, அந்தக் குளிரில் ஐரோப்பியக் காய்கறிகளைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து வரும் பெயர். மெட்ராஸ்காரர்கள் அப்படிச் சொல்லட்டும். பஞ்சாயத்தைக்கூடக் கொம்யூன் பஞ்சாயத்து என்று சொல்லும் ஊர், இங்கிலீஷ்காரன் பீரங்கிக்கு மூன்று தலைமுறை முகம் கொடுத்த ஊர், கேரட்டை மட்டும் அவனுக்கு எழுதிக் கொடுத்திருப்பது ஏன்? குடைமிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பிறவிகள் என்பது வேறு கதை. காய்க்காரம்மாவிடம் “பிரெஞ்சு காய் அரைக் கிலோ” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பீன்ஸ் எடுத்துப் போட்டார். கள ஆய்வில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

இனி ஊரின் வடிவம். புல்வார் என்னும் சுற்றுச்சாலைக்குள் அடங்கிய பழைய புதுச்சேரியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், சந்தேகமில்லாமல் முட்டை. நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர் பிரித்தார்கள். வெள்ளை நகரத்துச் சுவர்களுக்கு அடித்திருக்கும் நிறம் மஞ்சள். ஆக வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டையும் அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, சட்டியின் அடியை மட்டும் நமக்கு விட்டார்கள்.

பிரெஞ்சு ஆம்லெட்டை நடுவில் மடிப்பார்கள். உள்ளே ஈரமாக, வெளியே நிறம் ஏறாமல் இருக்க வேண்டும். முதல் ஞாயிறு செய்ததைக் காட்டியதும் இரண்டாம் தகவலாளி ஒரே பார்வையில் தள்ளினார்: “இது ஒம்லெத் இல்ல தம்பி. மடிக்கலியே.” மிகச் சரி. இது மடிக்கக்கூடாத பண்டம். ஆம்லெட்டில் காய் உள்ளே வைத்து மூடும் பூரணம்; இதில் முட்டைதான் காயைப் பிடித்து நிறுத்தும் பசை. பருப்பு மாவு முருங்கைக்கீரையைப் பிடித்து நிற்பதுபோல. அடை என்று அம்மா சொன்னதன் நுட்பம் இங்கே விளங்கும்.

செய்முறை பெரிதல்ல. பேக்கனை விரல் அகலத்துக்கு நறுக்கிக் குளிர்ந்த சட்டியிலேயே போட்டு, அதன் பிறகு அடுப்பைச் சிறுதீயில் பற்றவைக்க வேண்டும். காய்ந்த சட்டியில் போட்டால் மேலே கருகும், கொழுப்பு இறங்காது. இறங்கிய கொழுப்பே தாளிக்கும் எண்ணெய். வெங்காயமும் அரைவேக்காட்டு உருளையும் குடைமிளகாயும் அதிலேயே வதங்கும். கீரை போடுவதானால் தனியே வதக்கிப் பிழிந்துவிட வேண்டும். காளானின் தண்ணீரும் வற்றியாக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களின் அடை, துண்டு போடும்போது அழும். 8 முட்டைக்குக் கால் டம்ளர் பால், மிளகுத்தூள் தாராளமாக, உப்பு வழக்கத்தில் பாதி. மீதிப் பாதியைப் பன்றி ஏற்கெனவே சுமந்து வந்திருக்கிறது. ஆரோவில் சீஸ் கிடைத்தால் ஒரு பிடி துருவிப் போடலாம். முட்டை நாமக்கல், கேரட் ஊட்டி, சீஸ் விழுப்புரம் மாவட்டம். இந்தப் பண்டத்தில் புதுச்சேரியின் பங்கு அடுப்பு மட்டுமே.

ஊற்றி ஒரு நிமிடம் ஓரங்களை உள்ளே இழுத்துவிட்டு, தீயைச் சிம்மில் வைத்து மூட வேண்டும். எட்டு நிமிடம். ஓரம் இறுகி, நடுவே இன்னும் தளும்பும் நிலையில் இது வெந்ததா, வேகவில்லையா? இந்த நகரம் தந்த கலைச்சொற்கள் இல்லாவிட்டால் இதை விளக்கவே முடியாது. 1954 நவம்பர் 1 அன்று ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது. அது டி ஃபாக்டோ. பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புக்கொண்டு, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி வந்தது. அது டி ஜூர். இடையே ஏறக்குறைய எட்டு ஆண்டு. மூடியைத் திறக்கும்போது தெரிவது டி ஃபாக்டோ வேக்காடு. கத்தி நுனியை நடுவில் குத்தி, ஈரமில்லாமல் வந்தால் டி ஜூர்.

மேற்பரப்பு மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளாது. இத்தாலியர் ஓவனில் தள்ளிவிடுவார்கள். நம் பாட்டிகள் கேக்கு சுட்டதுபோல மூடிமேல் தணல் போடலாம். கேஸ் அடுப்பு வீட்டில் தணலுக்கு எங்கே போவது? மிஞ்சும் வழி, சட்டியின் வாயில் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, மூச்சைப் பிடித்து, ஒரே வீச்சில் திருப்பிப் போடுவது.

இந்தச் செயலில் புதுச்சேரியைவிட அனுபவமுள்ள ஊர் இல்லை. 1674-இல் பிரெஞ்சுக்காரர் குடியேறினார்கள். 1693-இல் டச்சுக்காரர் திருப்பினர். 1699-இல் மறுபடி பிரெஞ்சு. 1761 இங்கிலீஷ், 1765 பிரெஞ்சு. 1778 இங்கிலீஷ், 1785 பிரெஞ்சு. 1793 இங்கிலீஷ், 1816 பிரெஞ்சு. 1954 இந்தியா. மொத்தம் ஒன்பது முறை. இவற்றில் 1761 மோசமான திருப்பல். கோட்டையையும் ஊரையும் இங்கிலீஷ்காரர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். என் இரண்டாம் ஞாயிறு அந்த வகையைச் சேர்ந்தது. பாதி தட்டிலும் பாதி பர்னரிலும் விழுந்தது. 1954 நல்ல திருப்பல். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். தட்டு சரியாகப் பொருந்தியிருந்ததால் ஒரு சொட்டு சிந்தவில்லை. இதிலிருந்து பெறப்படும் விதி: திருப்புவதற்கு முன் அடி முழுவதும் சட்டியை விட்டிருக்க வேண்டும். சட்டியை ஆட்டிப் பார்த்தால் அடை தானாக வழுக்கிச் சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த எட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தோசைத் திருப்பி போதும்.

நான்காம் ஞாயிறு, திருப்பல் பழுதின்றி முடிந்தது. பொன்னிறம், ஓர் அங்குலம், எட்டுத் துண்டு. வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளர் இருவரும் அமர்ந்தார்கள். தாத்தாவுக்கு எதிரே சட்டி அடை. அம்மாவுக்குத் தனிக்கல்லில் பன்றியில்லாத பிரதி. அரிக்கமேட்டிலிருந்து கீழூர்வரை சுருக்கமாக எடுத்துரைத்தேன். தாத்தா ஒரு துண்டை வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, கேள்வி கேட்டார்.

“நல்லாருக்கு தம்பி. தொட்டுக்க என்ன?”

ரோமர்கள் தேன் ஊற்றிக்கொண்டார்கள் என்றேன். இரண்டு தேர்வாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மா எழுந்து, தேங்காய் துருவப் போனார்.