பன்னிரண்டும் மூன்றும் பதினைந்தல்ல

டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே ஓர் ஆப்டிட்யூட் சார் இருப்பார். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள், வாயில் சூத்திரம். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் திறனறிவுக்கு 25தான். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த 25-ல்தான் என்பது சாரின் கட்சி.

அவருடைய உலகமே தனி. அங்கே வியாபாரி எப்போதும் 40 சதவீதம் ஏற்றி விலை குறிப்பார், 20 சதவீதம் தள்ளுபடி தருவார், அப்படியும் 12 சதவீதம் லாபம் பார்ப்பார். 10,000 பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு 10 சதவீதம் ஜனம் பெருகி, இரண்டே வருஷத்தில் 12,100 ஆகிவிடும். இடையில் ஒருவரும் செத்துக் கணக்கைக் கெடுக்கமாட்டார்கள். சம்பளத்தை 10 சதவீதம் கூட்டி, உடனே 10 சதவீதம் குறைக்கும் முதலாளி ஒருவரும் உண்டு.

"பழைய சம்பளமே வந்துடும் சார்" என்பான் கடைசி பெஞ்ச்காரன். இதற்காகத்தானே காத்திருந்தார்! "100, 110 ஆச்சு. குறைக்கிறது 110-ல 10 சதவீதம்டா. 99!"

வகுப்போடு விட்டாரா? ரிசர்வ் வங்கி 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியபோது, டீக்கடையில் யாரோ "இரண்டரை சதவீதம் ஏத்திட்டாங்க" என்று வாய்விட்டுவிட்டார். "ஏறினது 62.5 சதவீதம்" என்று சார் ஆரம்பித்தார். பெஞ்ச் காலியாயிற்று.

நகைக்கடைதான் அவருக்குக் களம். "சேதாரம் 12, ஜிஎஸ்டி 3, மொத்தம் 15தான் சார்" என்பார் விற்பனையாளர். சார் எஸ்டிமேட் சீட்டைத் திருப்பிப்போடுவார். இரண்டையும் கூட்டு, இரண்டையும் பெருக்கி நூறால் வகு, வந்ததைச் சேர். "15.36, தம்பி. சேதாரத்துக்கும் சேர்த்துத்தானே வரி?" தம்பி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். பில்லில் ஒரு பைசா குறையாது. அந்த 0.36-ஐயும் கட்டிவிட்டு, ஜெயித்த முகத்தோடு சார் வெளியே வருவார்.

சர்க்கரை விலை 25 சதவீதம் ஏறினால், செலவு கூடாமலிருக்க உபயோகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்? 20 சதவீதம். வருஷக்கணக்காகப் போர்டில் போட்ட இந்தக் கணக்கை ஒருநாள் வீட்டிலும் சொல்லிவைத்தார். மறுநாள் காபியில் இரண்டு ஸ்பூன் ஒன்றாகிவிட்டது.

"இது 50 சதவீதம்! செலவே 37.5 சதவீதம் குறையுமே!"

"குறையட்டும். டாக்டர் சுத்தமா நிறுத்தச் சொல்லியிருக்கார். குடிங்க."