சாவியை விடு, ஹேண்டிலைப் பிடி

ஒகேனக்கல்லில் தண்ணீர் குறையும் காலம் உண்டு, எண்ணெய் குறையும் காலம் கிடையாது. அருவிக்குப் போகும் வழியெல்லாம் மசாஜ்காரர்கள் எண்ணெயும் கையுமாக நிற்பார்கள். நாம் நடக்கும் நடையைப் பார்த்தே "வாயு பிடிச்சிருக்கு சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கழுத்தோ இடுப்போ முழங்காலோ, இறுகிப்போனது எதுவானாலும் அங்கே வைத்தியம் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மச்சினனுடைய பைக் சாவியும் அந்த நோயாளிகள் வரிசையில் சேர்ந்தது.

குளித்துவிட்டு, மீன் வறுவல் தின்றுவிட்டு, வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். ஹேண்டில் லாக்கை எடுக்க மச்சினன் சாவியைப் போட்டுத் திருப்பினான். பாதி திரும்பியது. அதற்கப்புறம் இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. இழுத்தால் வெளியேயும் வரவில்லை.

"மாமா, சிக்கிக்கிச்சு" என்றான், ஏதோ நான்தான் சிக்க வைத்தது போல என்னைப் பார்த்து.

வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த வழக்கில் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லை. முதல் குற்றவாளி மச்சினனின் சாவிக்கொத்து. அதில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, தோட்டத்து மோட்டார் ரூம் சாவி, முருகன் டாலர், பாட்டில் திறக்கும் கருவி ஆகியவற்றோடு, எதைத் திறக்கும் என்று குடும்பத்தில் யாருக்குமே தெரியாத ஒரு பித்தளைச் சாவியும் உண்டு. தாத்தா காலத்தது, கழற்றக்கூடாதாம். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் இந்தக் கனம் முழுக்க இக்னிஷன் சாவியைப் பிடித்து ஆட்டும். சாவியும் தேயும், பூட்டின் உள்பக்கமும் தேயும். சாவிக்கொத்தின் கனம் விளையாட்டுக் காரியம் அல்ல. 2014-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சு தளர்வாக இருந்ததால், கொத்தின் கனமோ ஒரு குலுக்கலோ போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி நழுவி இன்ஜின் அணைந்துபோகும். அதில் உயிர்களே போயிருக்கின்றன. மச்சினனிடம் இதைச் சொன்னால், "அது கார் மாமா" என்பான்.

சாவி சிக்கினால் நம் ஊரில் முதலில் வந்து சேர்வது மெக்கானிக் இல்லை, யோசனை. வண்டிக்கு டோக்கன் போடும் பையன்தான் முதல் ஆள். "நல்லா அமுக்கி இழுங்க சார்" என்றான்.

"அமுக்கவா, இழுக்கவா?"

"ரெண்டும்."

அதை யோசித்து முடிப்பதற்குள் மசாஜ்காரர் ஒருவர் வந்துவிட்டார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பாட்டிலைச் சாய்த்து, ஒரு பச்சிலை வாடை அடிக்கும் எண்ணெயைச் சாவித் துவாரத்தில் வழிய வழிய விட்டார். "எலும்பே இளகும் சார், இது இரும்புதானே" என்றார். அந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "ஸ்வல்ப எண்ணெ ஹாக்கி" என்றார். "ஹாக்கியாச்சு சார்" என்றான் மச்சினன், கன்னடத்தில் பாதி, விரக்தியில் பாதி.

ஓய்வு பெற்ற அரசு பஸ் டிரைவர் ஒருவரும் வந்தார். பூட்டை வெகுநேரம் கூர்ந்து பார்த்தார். கூட்டம் மரியாதையாக அமைதி காத்தது. கடைசியில், "நாங்க ஓட்டின பஸ்ஸுக்கெல்லாம் சாவியே கிடையாது தம்பி. சுவிட்சைத் தட்டினா கிளம்பிடும்" என்று சொல்லிவிட்டு, கடமை முடிந்ததாகப் பரிசல் துறைப் பக்கம் நடந்துவிட்டார். இன்னொருவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "வண்டி இவங்களுதுதானா?" என்று பொதுவாகக் காற்றிடம் விசாரித்தார். மச்சினன் போனில் ஆர்சி புக்கைக் காட்டப் போனான். நெட் வரவில்லை. சந்தேகம் கொஞ்சம் வலுத்தது.

அப்போதுதான் யாரோ கட்டிங் பிளேயர் கொண்டுவந்தார்கள். கட்டிங் பிளேயர் வந்துவிட்டால் கூட்டத்துக்கு ஒரு தைரியம் வந்துவிடும். பிளாஸ்டிக் தலையைக் கவ்விப் பிடித்து முறுக்கியதில், பூட்டின் வாயை ஒட்டி, சாவியின் கழுத்தில் நெல்மணி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. உலோகம் ஒடியப்போகிறது என்பதற்கு அதுதான் முன்னறிவிப்பு. ஒடிந்துவிட்டால் கதையே வேறு. ரம்பத் தகட்டை மெல்லிசாக ஒடித்து, அதன் பற்களை உள்ளே செருகி, ஒடிந்த துண்டைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். கை நடுங்காத ஆள் வேண்டும். தீக்குச்சி முனையில் பசை தடவி உள்ளே விட்டு, துண்டை ஒட்டி எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தீக்குச்சியும் துண்டும் பூட்டும் ஒரே குடும்பமாகிவிடும். பிளேயரை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பென்னாகரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. அவர் மலை இறங்கி வருவதென்றால் காட்டு வழி, அந்த வழியில் யானைக்குத்தான் முன்னுரிமை. அதனால் போனிலேயே பிடித்தோம்.

"யாராச்சும் எண்ணெ ஊத்தினாங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஆமாங்க."

"ஒகேனக்கல்லா?"

"ஆமாங்க."

ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "சரி, சாவியை விடுங்க. ஹேண்டில் எப்படி நிக்குது?" என்றார்.

அத்தனை பேர் கூடியிருந்தோம், ஹேண்டிலை ஒருவரும் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தால், சரிவில் நின்ற வண்டியின் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டி அழுந்திக்கொண்டிருந்தது. சக்கரம் வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது, ஹேண்டில் லாக் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. "ஒருத்தர் ஹேண்டிலை இடப்பக்கம் நல்லா தள்ளிப் பிடிங்க. இன்னொருத்தர் சாவியை ரெண்டு விரல்ல மட்டும் பிடிச்சுத் திருப்புங்க. ரெண்டே விரல்" என்றார். நான் தள்ளினேன், அவன் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம். சாவி ஆஃபுக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் கைதட்டினார்கள். டோக்கன் பையன், "நான்தான் சொன்னேன்ல" என்றான்.

ஆனால் சாவி இன்னும் வெளியே வரவில்லை. மெக்கானிக் அதற்கும் வழி சொன்னார். சாவியை மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி, ஸ்குரு டிரைவரின் பிடியால் பூட்டின் தலையில் செல்லமாகத் தட்ட வேண்டும். "தட்டறதுதான் வேலை, இழுக்கறது சும்மா கூட இருக்கட்டும்" என்றார். தட்டத் தட்ட மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு முழு எண்ணெய்க் குளியல் எடுத்தது அது ஒன்றுதான்.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் நூல் கனத்தில் ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி உள்ளே போனால் அதன் மேடு பள்ளங்கள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்கு உள்வாங்கும், உருளை திரும்பும். பாதி திரும்பிய நிலையில் அந்தத் தகடுகள் அசைய இடம் இருக்காது, அவை அசையாமல் சாவியின் பற்கள் வெளியேற முடியாது. அதனால்தான் ஆஃபிலும் லாக்கிலும் மட்டும் சாவி வெளியே வருகிறது. ஹேண்டில் லாக் போடும்போது ஒரு கம்பி நீண்டு வண்டியின் கழுத்தில் இருக்கும் துளைக்குள் போகிறது. ஹேண்டில் அழுந்தி நின்றால் அந்தக் கம்பி துளையின் ஓரத்தில் இறுகிவிடும். கம்பி நகராமல் சாவி திரும்பாது. நோய் ஹேண்டிலில் இருக்கிறது, நாம் சாவியின் தலையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கிறோம். கழுத்து வலிக்காரனுக்குக் காதைப் பிடித்துத் திருகினால் எப்படி இருக்கும்?

பூட்டிடம் பொறுமை காட்டும் விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர், தன் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி தருவதாக 1790-ல் லண்டன் கடையின் ஜன்னலில் அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது அசையவில்லை. 1851-ல் நான் சொன்ன அந்த ஆள், ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், வந்து உட்கார்ந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் வேலை செய்து திறந்தார். ஒகேனக்கல்லில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு 51 நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. எண்ணெய் வந்திருக்கும்.

எண்ணெய் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. தலைக்கு நல்லது, பூட்டுக்குத்தான் ஆகாது. கேழ்வரகையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளையே தாம்பு ஓட்ட வைக்கும் மாவட்டம் எங்கள் தருமபுரி. அந்த உமி, தும்பு, செம்மண் தூசி எல்லாம் வானம் பார்த்த சாவித் துவாரத்துக்குள்தான் போகும். அதன் மேல் எண்ணெய் விட்டால் உள்ளே குழைந்து பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் என்றால் இன்னும் விசேஷம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். தருமபுரியில் மார்கழி விடியற்காலை எத்தனை டிகிரி இருக்கும் என்று ஸ்வெட்டர் போட்டு டீக்கடையில் நிற்பவர்களைக் கேளுங்கள். இரவு எண்ணெய் விட்ட பூட்டைக் காலையில் உருக்கித்தான் திறக்க வேண்டியிருக்கும்.

பூட்டுக்கு ஏற்றது கிராஃபைட் தூள். வீட்டுப் பிள்ளையின் பென்சிலை வாங்கி, சாவியின் இரண்டு பக்கமும் கருக்கத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்தால் போதும். ஒட்டாது, தூசியைச் சேர்க்காது. ஈரம் இறங்கியிருந்தால் டபிள்யூடி-40 ஒரு துளி அடிக்கலாம். 1953-ல் சான் டியகோவில் ஒரு சிறு கம்பெனி, நீரை விரட்டும் கலவை ஒன்றைத் தேடி நாற்பதாவது முயற்சியில் கண்டுபிடித்தது என்பதால்தான் அந்தப் பெயர். மசாஜ்காரரின் மூலிகைக் கணக்கை விட இது எனக்கு நம்பிக்கையாகப் படுகிறது.

சாவி வெளியே வந்ததோடு மச்சினன் விடவில்லை. மறுநாளே பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடையின் கீழ் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் அதே சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் எடுத்துவந்தான். புதுச் சாவி பளபளவென்று இருந்தது, முதல் நாளே சிக்கியது. சாவிக்காரர் மேல் கோபப்பட நியாயமில்லை. அவருடைய மெஷின் கொடுத்ததை அப்படியே நகல் எடுக்கும். தேய்ந்த பல்லைக் கொடுத்தால் தேய்ந்த பல்லைத்தான் வெட்டும். லாக் செட்டையே மாற்று என்றேன். இக்னிஷனோடு பெட்ரோல் டேங்க் மூடியும் சேர்ந்து மாறும், ஒரே சாவியில் ஓடும். "அவ்வளவு காசா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டான்.

காசுப் பேச்சை விட்டால் மச்சினன் மாவட்டக் கதைக்குப் போய்விடுவான். ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளியானபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. தக்காளிக் கூடையையும் தண்ணீர்க் குடத்தையும் ஆட்டுக்குட்டியையும் ஏற்றி இந்த மாவட்டத்தைத் தூக்கிச் சுமந்தது அந்த மொபெட்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அவர்களோடு போய்விட்டது. வண்டி செய்யும் ஊர் அவர்களுக்கு, சாவி சிக்கும் ரோடு நமக்கு என்று பாகம் பிரிந்ததாக மச்சினன் சொல்கிறான். கிருஷ்ணகிரிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அங்கேயும் கேழ்வரகு காய்கிறது.

எந்த மாவட்டமானாலும் சரி, வண்டி வாங்கிய அன்று கொடுத்த இரண்டாவது சாவி உங்கள் வீட்டில் எங்கேயோ, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும். பல கம்பெனிகள் அதோடு எண் பொறித்த ஒரு சின்னத் தகடும் தரும். அந்த எண் இருந்தால் ஷோரூமில் சொல்லி அசல் சாவியே வரவழைக்கலாம். இன்றைக்கே தேடி எடுத்து, தகட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். டூப்ளிகேட் எடுப்பதானால் அந்தத் தேயாத சாவியைக் கொண்டுபோய் எடுங்கள்.