ஜெயிச்சிட்டோம், தோத்துட்டாய்ங்க

1976ஆம் ஆண்டில் இரண்டு அகழாய்வுகள் நடந்து முடிந்தன. ஒன்று எங்கள் டி. கல்லுப்பட்டியில். தமிழ்நாடு தொல்லியல் துறை வந்து குழி வெட்டியது. கருப்பு சிவப்புப் பானை ஓடுகளை அள்ளி எடுத்து, ரொம்பக் காலத்துக்கு முன்னாலேயே இங்கே மனுசன் குடியிருந்தான் என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. ஓட்டின் நிறத்தைக் கேட்டதும் ஊரில் பாதிப் பேர் பூரித்துப்போனதாகவும், மீதிப் பேர் அது டூப்ளிகேட் ஓடு என்று சொன்னதாகவும் கேள்வி.

இன்னொன்று அமெரிக்காவில். ராபர்ட் சால்டினி என்ற உளவியல் வாத்தியார் மண்ணைத் தோண்டாமல் கல்லூரிப் பையன்களைத் தோண்டினார். சனிக்கிழமை கால்பந்தாட்டத்தில் கல்லூரி ஜெயித்தால், திங்கட்கிழமை வகுப்பில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை கூடுதலாகத் தென்படுகிறது. தோற்றால் சட்டையைக் காணோம். பையன்களுக்கு ஃபோன் போட்டு விசாரித்தார். ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாங்க’ என்று ஆரம்பித்தவர்கள், தோற்ற ஆட்டம் என்றதும் ‘அவங்க’ என்று நழுவினார்கள். இது பெரிய கண்டுபிடிப்பாம். சால்டினி கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்திருந்தால் ஃபோன் செலவு மிச்சமாகியிருக்கும். எங்கள் பக்கத்து இலக்கணத்திலேயே அது இருக்கிறது. ஜெயிச்சிட்டோம். தோத்துட்டாய்ங்க. மழை வந்து நின்றுபோனால், ஊத்திக்கிச்சு. அதாவது ஜெயிப்பது தன்மைப் பன்மை, தோற்பது படர்க்கைப் பன்மை, மழை அஃறிணை. தொல்காப்பியர் விட்டுப்போனதை டீக்கடை பெஞ்சு பூர்த்தி செய்துவிட்டது.

இந்தத் தன்மைப் பன்மையின் வரலாற்றைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொல்லியல்காரர்கள் மாதிரி அடுக்கு அடுக்காகப் போகலாம் என்றால், ஆக அடியில் கிடப்பது 1983.

அந்த வருடம் ஜூன் 25, சனிக்கிழமை, லார்ட்ஸ் மைதானம், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா 183 ரன், அதில் அதிகபட்சம் நம்ம ஸ்ரீகாந்த் அடித்த 38. வெஸ்ட் இண்டீஸ் 140க்குச் சுருண்டது. ரிச்சர்ட்ஸ் 33 ரன்னில் மதன்லால் பந்தைத் தூக்கியடிக்க, கபில்தேவ் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தார். அன்று எங்கள் தெருவில் ஒரு டிவி கிடையாது. ஆனால் இன்றைக்கு அறுபதைத் தாண்டிய எவரை நிறுத்திக் கேட்டாலும், அந்தக் கேட்சைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருப்பார். “எந்த டிவியில பார்த்தீக?” என்று கேட்டால் “கலர் டிவியிலதான்” என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அதற்கு ஒரு வாரம் முந்தி, டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 9க்கு 4 விக்கெட் போன நிலையில் கபில் இறங்கி 175 அடித்தாரே, அந்த ஆட்டத்தை பிபிசி படமே பிடிக்கவில்லை. உலகத்தில் எங்குமே அதன் ஒளிப்பதிவு கிடையாது. அதையும் டிவியில் பார்த்த ஒரே மனிதர் பேரையூர் ரோட்டில் இன்றும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் அன்று ஆட்டத்தைத் தொடர்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள், ரேடியோ மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பருத்திக்காட்டுக்குப் போனாலும் தோளில் டிரான்சிஸ்டர் தொங்கும். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை வந்துவிட்டால், கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்பார். டெஸ்ட் மேட்ச், ரஞ்சி, துலீப் டிராபி என்று எதையும் விட்டது கிடையாது. 1987-88இல் தமிழ்நாடு சேப்பாக்கத்தில் ரயில்வேயைத் தோற்கடித்து ரஞ்சிக் கோப்பையை வாங்கியது. முதல் தடவை வாங்கியது 1954-55இல். இடையில் முப்பத்துச் சொச்சம் வருடம். மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, “நாம ஜெயிச்சிட்டோம்” என்றார். “எலெக்சன் எப்ப நடந்துச்சு?” என்று கேட்டார்களாம். டிவியில் வராத வெற்றிக்குத் தன்மைப் பன்மை கிடையாது என்பது மாமாவுக்கு அன்று தெரியவில்லை.

1996இல் தெருவுக்கே டிவி வந்துவிட்டது. உலகக் கோப்பைக் காலிறுதி, மார்ச் 9, பெங்களூரு, எதிரணி பாகிஸ்தான். அதற்கு முந்தைய வாரம் வரை கிரிக்கெட்டை ‘பொழப்பத்தவன் வேலை’ என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூடப் பாயோடு வந்தார்கள். ஆமிர் சோகைல் மட்டையை நீட்டிச் சைகை காட்ட, அடுத்த பந்திலேயே வெங்கடேஷ் பிரசாத் ஸ்டம்பைப் பறக்கவிட்டதும், பக்கத்து வீட்டு அப்பத்தா ‘போடா போக்கத்தவனே’ என்று வழியனுப்பி வைத்தது. 39 ரன்னில் ஜெயிச்சிட்டோம். நாலே நாள் இடைவெளியில் ஈடன் கார்டனில் இலங்கையோடு அரையிறுதி. பாய்கள் இரண்டு மடங்காகிவிட்டன. ஒரு விக்கெட்டுக்கு 98 வரை தெருவே ‘நாம’தான். சச்சின் 65இல் ஸ்டம்பிங் ஆனார். அப்போது ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், கோரைப்பாய் சுருட்டுகிற சத்தம். எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனபோது கல்கத்தாவில் பாட்டில் வீசித் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரியாக இருந்த கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். எங்கள் தெருவில் தீவைப்பு எதுவும் இல்லை, வைப்பதற்கு ஆள் இல்லை. டிவிக்காரர், ரேடியோ மாமா, ஒரு நாய், அவ்வளவுதான் மிச்சம். மறுநாள் காலையில் டிவிக்காரர் டீக்கடையில் வைத்து ஒரு வரலாற்று உண்மையை வெளியிட்டார்: “கடைசி வரைக்கும் அந்தாளு உக்காந்திருந்தாரப்பா. அப்புறம் எப்படி ஜெயிக்கும்?”

மாமாவுக்கு ராசியில்லை என்ற சாசனம் பொறிக்கப்பட்டது அன்றைக்குத்தான். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லா மேட்சையும் பார்க்கிறவன்தான் எல்லாத் தோல்வியையும் பார்த்திருப்பான். ஜெயித்த அன்றைக்கு இருநூறு பேரில் ஒருவராக அவர் உட்கார்ந்திருந்ததை யார் கவனித்தார்கள்? தோற்ற அன்றைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். பெரிய மேட்சுக்கு மட்டும் வருகிறவனோ, ஆட்டம் சாய்கிற நேரம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான். அவன் கணக்கில் தோல்வியே கிடையாது. “நான் உக்காந்து பாத்தேன்னா இண்டியா ஜெயிக்கும்லே” என்று அவன் சொன்னால் அது பொய்யும் இல்லை.

ராசி வந்ததும் சட்டமும் வந்துவிட்டது. பார்ட்னர்ஷிப் ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது. கால் மாற்றிப் போடக் கூடாது. ஒண்ணுக்கு வந்தால் விக்கெட் விழும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். 1999 ஜனவரி 31இல் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தான் டெஸ்ட்டை ஜெயித்தது. கடைசி நாலு விக்கெட் நாலே ரன்னில் போனது. அப்படியும் சென்னைக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கைதட்டியதை இன்றுவரை எழுதிப் பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். எங்கள் ஊரில் வரலாறு வேறு மாதிரி பார்க்கிறது: “அம்புட்டுப் பேரும் எந்திரிச்சா, பின்ன தோக்காம என்ன செய்யும்?”

2003க்கு வருவோம். மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. முதல் ஓவரிலேயே ஜாகீர் கான் 15 ரன் கொடுத்தார். பான்டிங் ஆட்டமிழக்காமல் 140. ஆஸ்திரேலியா 359. சச்சின் 4 ரன்னில் மெக்ராத்திடமே கேட்ச் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி ஊர் முழுக்கப் படர்க்கைப் பன்மை. ஆனால் செவ்வாய்க்கிழமைக்குள் ‘நாம’ உயிர்த்தெழுந்துவிட்டது. பான்டிங் பேட்டுக்குள் ஸ்பிரிங் வைத்திருந்தானாம், கண்டுபிடித்துவிட்டார்களாம், மறுபடி மேட்ச் வைக்கப்போகிறார்களாம். இந்தியா பூராவும் பரவிய புரளி இது. எங்கள் ஊரில் மட்டும் அதற்குத் தொழில்நுட்ப அறிக்கையும் தயாரானது. சைக்கிள் கடைக்காரர் ஒரு மட்டையை மடியில் வைத்து அளந்து பார்த்து, சைக்கிள் சீட்டு ஸ்பிரிங் பருமன் கூட, நுழையாது, பிரேக் கட்டையில் கிடக்கிற சின்ன ஸ்பிரிங்தான் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்புச் சொன்னார். ரேடியோ மாமா மட்டும், “நம்மாளுக பந்து போட்ட லட்சணத்துக்கு அவனுக்கு எதுக்குடா ஸ்பிரிங்?” என்று கேட்டுத் தொலைத்தார். ராசியில்லாதவர் என்பதோடு தேசத்துரோகி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

2007இல் வரலாற்றைக் காப்பாற்றியது சலூன். தோனியின் நீள முடியை பாகிஸ்தான் அதிபர் முஷாரப்பே புகழ்ந்தபிறகு, கல்லுப்பட்டி இளைஞர்கள் தலையில் சிகை வளர்ந்து சட்டைக் காலரைத் தொட்டது. மார்ச் 17இல் உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றோம், மன்னிக்கவும், தோற்றார்கள். தோனி முட்டை. ராஞ்சியில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டை உடைத்தார்கள். எங்கள் ஊரில் முடியை வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சலூனில் அப்படி ஒரு கூட்டம், தீபாவளிக்குக்கூடப் பார்த்ததில்லை. ஆறு மாதம் போனது. செப்டம்பர் 24, டி20 உலகக் கோப்பை இறுதியில் ஜோகிந்தர் சர்மா பந்தை மிஸ்பா பின்னால் தூக்கிவிட, ஸ்ரீசாந்த் பிடித்தார். 5 ரன்னில் ஜெயிச்சிட்டோம். வெட்டிய முடி என்ன, ஒட்டவா முடியும்? ஒரு வழியாக வளர்த்துக்கொண்டு வந்தால், அதற்குள் தோனியே முடியை வெட்டிக்கொண்டுவிட்டார்.

நடுவில் மஞ்சள் சட்டைக்காலம் ஒன்று உண்டு, அதை விரித்தால் தனிப் புத்தகம் ஆகும். சென்னை ஐபிஎல் அணி தடையில் கிடந்த 2016, 2017இல் அந்தச் சட்டைகள் டிவிஎஸ் வண்டி துடைத்தன. 2018இல் கோப்பை வந்ததும் துவைத்து மாட்டப்பட்டன. 2025இல் பத்து அணியில் பத்தாவதாக வந்ததும் திரும்பவும் வண்டிக்கே போய்விட்டன. சால்டினிக்கு யாராவது தகவல் சொல்லலாம். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆன மறுநாள், குதிரை எந்தப் பக்கம் தாவும் என்று தெரியாதவர்கள் டிங் லிரென் யானையை நகர்த்திய தப்பைப் பற்றி விளக்கம் கொடுத்ததையும் இந்த அடுக்கிலேயே புதைத்துவிடுகிறேன்.

இப்போது 2011, ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. சட்டமன்றத் தேர்தலுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்கும் ஆட்டோகூட வரவில்லை. வந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். அதில் முப்பது பேருக்கு இலங்கை அடித்தது 274 என்று தெரியுமே தவிர, எத்தனை ஓவர் ஆட்டம் என்று தெரியாது. மாமா தாமதமாக வந்து வாசலில் செருப்பைக் கழட்டினார். இரண்டாவது பந்தில் சேவாக் அவுட். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். சச்சின் 18இல் போனார். பெரியப்பா மகன் எழுந்து வந்து, பயலுக்கு மரியாதை தெரியும், குனிந்துதான் சொன்னான்: “மாமா, கோவிச்சுக்கிறாதீக. கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நாட்டுக்காக.”

நாட்டுக்காக மாமா வேப்பமரத்தடிக்குப் போனார். டிரான்சிஸ்டர் கையிலேயே இருந்தது. காம்பீர் 97, தோனி நின்று ஆடிக்கொண்டிருக்கிறார். நான் ஜன்னலோரம் இருந்ததால் இரண்டு பக்கமும் தெரிந்தது. இதில் ஒரு சூட்சுமம், எங்கள் வீட்டு டிஷ் டிவிக்குப் படம் வந்து சேர நாலைந்து நொடி பிந்தும். ரேடியோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கூடத்தில் நாற்பது பேரும் மூச்சடக்கி இருக்கிறார்கள், குலசேகரா இன்னும் ஓடியே வரவில்லை. அதற்குள் மரத்தடியில் மாமா எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, ரேடியோவை அணைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நாலு தப்படி போயிருப்பார், கூடம் வெடித்தது. உலகக் கோப்பையை அந்தத் தெருவில் முதலில் ஜெயித்தது ராசியில்லாத மனிதர்தான். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

கடைசி அடுக்கு, 2023. தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்து நவம்பர் 19இல் அகமதாபாத் இறுதிப் போட்டிக்கு வந்தோம். கல்யாண மண்டபத்து நாற்காலிகள் வாடகைக்கு வந்தன, பிரியாணி அண்டா வந்தது, இந்தியக் கொடி கட்டினார்கள். மாமாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. யாரும் சொல்லாமலே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். 240 ரன். டிராவிஸ் ஹெட் நூறைத் தாண்டியபோது நாற்காலி மடக்குகிற சத்தம் கேட்டது. கோரைப்பாய் போய் பிளாஸ்டிக் வந்திருந்ததே தவிர, ராகம் அதேதான். “தோத்துட்டாய்ங்கடா” என்று பிரியாணியோடு வீட்டுக்குப் போனார்கள். காலியான பிறகு மாமா உள்ளே வந்து, ஹெட் 137இல் அவுட் ஆகி ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கும் வரை பார்த்தார்.

நாலே நாளில் விசாகப்பட்டினத்தில் அதே ஆஸ்திரேலியாவோடு டி20. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. மாமா மட்டும் பார்த்தார். 209 ரன் வேண்டும், சூர்யகுமார் 80, கடைசி ஓவரில் மளமளவென்று விக்கெட், கடைசிப் பந்தில் ஒரு ரன் தேவை, ரிங்கு சிங் தூக்கி சிக்ஸருக்கு அடித்தார். காலையில் டீக்கடையில் மாமா சொன்னார்.

“நேத்து ஆஸ்திரேலியாவ ஜெயிச்சிட்டோம்.”

“எந்த மேட்ச்?”

“கடைசிப் பந்து. ரிங்கு சிங் சிக்ஸு.”

“அட! அப்ப ஆறு ரன்னு சேத்தியா?”

“இல்லப்பா. அது நோ பாலு. அதுலயே ஒரு ரன்னு வந்துருச்சு. சிக்ஸ் கணக்குல வராது.”

“கணக்குல வராததுக்கு எதுக்கு அடிச்சான்?” என்றார் டீக்கடைக்காரர்.

மாமா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். ராஜபாளையம் பஸ் வந்து நின்றது.